கதவைப் பற்றி அவள் எழுதியது

"என் பெயர் ரெனான்டே குயிசன். வயது இருபத்து நான்கு. இருப்பது" என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

தைச்சுங் என்று எழுதுவதா, காலாபே என்று எழுதுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக அவன் இருப்பது தைவானில், ஒரு திருகாணித் தொழிற்சாலையின் விடுதியில், நாலாவது மாடி. இந்த நிமிடம் இருப்பது பொஹோல் தீவில், சொந்த ஊரான காலாபேயில், வீட்டுக் கூடத்தில், அக்காவின் சவப்பெட்டிக்கு மூன்றடி தள்ளிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில். காலடியில், துக்கத்துக்கு வந்தவர்கள் போட்ட ஆறு நாள் வேர்க்கடலைத் தோல். பிணம் இருக்கிற வீட்டைக் கூட்டக்கூடாது. பகல் பதினொன்று ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு அடக்கம்.

அவன் எழுதிக்கொண்டிருந்த அட்டையும் அதோடு ஒரு கடிதமும் அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் வந்தன. தபால்காரர் வாசல் தார்ப்பாய்ப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, சீட்டாடிக்கொண்டிருந்தவர்களிடம், "ஜோனலின் இருக்காங்களா?" என்று வழக்கம்போலக் கேட்டார். கேட்ட பிறகுதான் மலர்வளையத்து ரிப்பனைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார். கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பிஸ்கட் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அனுப்பியவர் பெயர் கிரிசெல்டா அபாட், துமகெட்டே. அக்காவின் புத்தகக்காரர்களில் ஒருவர் என்று ரெனான்டேக்குத் தெரியும். அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை ஜீப்பில் தக்பிலாரன் போய் டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் படுத்துக் கிடப்பாள். பக்கத்து நாற்காலிப் பெண்தான் அவளை ஒரு வாசகர் வட்டத்தில் சேர்த்துவிட்டது. ஒரு தடித்த நாவல். பதினேழு வருடமாகத் தபாலில் தீவு தீவாகச் சுற்றுகிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கையில் கிடைத்தவர் ஒரு வருடம் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்ததும் கூடவே கட்டியிருக்கும் நோட்டில் பெயர், வயது, இருப்பிடம், மனசில் பட்டது, கடைசியாக இனி வாசிக்கப்போகிறவரிடம் ஒரு கோரிக்கை, இவ்வளவையும் எழுதி அடுத்த ஆளுக்கு அனுப்பிவிட வேண்டும். நடுநடுவே ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுச் சண்டை பிடித்துக்கொள்வார்கள்.

சண்டை எப்போதும் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான். பதினொரு வருடம் முன்பு விட்டுப்போன புருஷன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். பெண்டாட்டி உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுந்து திறக்கவில்லை. அதோடு கதை முடிகிறது. அவள் செய்தது சரிதான் என்று ஸம்போவாங்காவில் ஒரு சிறைக்காவலர் எழுதினாராம். சிறைக்காவலருக்கு எந்தக் கதவும் பூட்டியிருந்தால்தான் தூக்கம் வரும் என்று ஓர்மோக்கில் ஒரு நர்ஸ் அதற்குக் கீழே எழுதினாளாம். இதைப் போனில் சொல்லிச் சொல்லி அக்கா சிரித்தாள்.

"நீ யாரு பக்கம், மானாங்?" என்று ரெனான்டே கேட்டான். அக்காவை அவன் மானாங் என்பான், அவள் அவனை டோங் என்பாள்.

"ஜெயில்காரர் பக்கந்தான். எதுக்குத் திறக்கணும் டோங்? அவன் தட்டினா ஆச்சா?"

அது பிப்ரவரி. ஏப்ரலில் ஒரு நாள் அவள் வீடியோவில் கூப்பிட்டபோது அவன் விடுதிச் சாப்பாட்டு மேசையில் இருந்தான். அவள் முகம் ஊதியிருந்தது. கண் இரண்டும் வீக்கத்துக்குள் எங்கேயோ போயிருந்தன. அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"மானாங், கேமராவ ஆஃப் பண்ணிட்டுப் பேசேன். சாப்பிட முடியல."

திரை கறுத்தது. "ஆங், பண்ணிட்டேன். சாப்பிடு" என்றாள். அப்புறம் ஏழு மாதம் அவள் அதைத் திரும்பப் போடவே இல்லை. அவனும் போடச் சொல்லவில்லை. குரல் மட்டும் வரும். கடைசியாகப் பேசியபோது விடுதியின் முழு விலாசம் வேண்டும் என்றாள்.

"எதுக்கு?"

"கருவாடு அனுப்பறேன்."

"வேண்டாம் தாயே. இங்க நாலு நாட்டுக்காரன் இருக்கான். நாத்தத்துல என்னையக் கொன்னுடுவானுங்க."

"அப்ப வாசனை இல்லாததா அனுப்பறேன், போ."

விலாசத்தை அனுப்பினான். அதோடு மறந்துவிட்டான்.

கிரிசெல்டாவின் கடிதம் அக்காவுக்கு எழுதியது. ஆனால் முதல் வரியிலேயே அவன் பெயர் இருந்தது.

"நீ சொன்னபடி முப்பத்திரண்டாவது ஆளாக உன் தம்பி பெயரைப் பதிந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். கீழே விலாசம். அறை எண் 407 வரைக்கும் சரியாக இருந்தது. "அவனுக்கான அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாரும் எழுதுகிற அதே வரிசையில் அவனும் எழுதட்டும். புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டாய், தபால் ஆபீஸ் போவதுதான் பாக்கி என்கிறாய். சந்தோஷம். ஆனால் கதவு விஷயத்தில் மனசு மாறிவிட்டேன் என்று ஒரு வரி போட்டுவிட்டு, எப்படி மாறினாய் என்று சொல்லமாட்டேன் என்கிறாயே, அது என்ன நியாயம்? 'என் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், தம்பி முதலில் படிக்கட்டும், அது அவனுக்குத்தான்' என்கிறாய். நம் சிறைக்காவலர் கொதித்துப்போய் இருக்கிறார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. புத்தகம் சுற்றி என் கைக்குத் திரும்பி வருவதற்குள் நான் இருப்பேனா என்று யோசித்தாயா, கொழுப்பெடுத்தவளே?"

ரெனான்டே கடிதத்தை மடித்தான். பழக்கமில்லாத ஏதோ ஒரு மரியாதையில் அட்டையை எடுத்துப் பெயரையும் வயதையும் எழுதினான். இருப்பிடத்தில் நின்றவன் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தான்.

பெட்டியின் கண்ணாடி மூடிக்கு அடியில் ஜோனலின் கைகளைக் கோத்துப் படுத்திருந்தாள். இப்போது வீக்கம் இல்லை. விரல்களில் ஜெபமாலை. கைகளுக்குக் கீழே, பச்சைப் பிளாஸ்டிக் துணியில் சுற்றி வெள்ளை நாடாவால் கட்டிய பொட்டலம். அதை அங்கே வைத்தவன் அவன்தான்.

முந்தாநாள் சாயங்காலம் வந்து இறங்கியபோது அவன் கையில் விமான நிலையத்துச் சாக்லேட் தவிர ஒன்றும் இல்லை. அவனுக்காகத்தான் நாலு நாளாக அடக்கத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். அவள் படுக்கையில், தலையணைக்குப் பக்கத்தில், அந்தப் புத்தகப் பொட்டலம் கிடந்தது. அவளுக்குப் பிடித்தது இது ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. கட்டைப் பிரிக்காமல் கொண்டுவந்து அவள் கைக்கு அடியில் செருகினான். "நல்ல காரியம் செஞ்சே" என்று பெரியம்மா, தியா பாசிங், அவன் முதுகைத் தடவினாள்.

ரெனான்டே எழுந்து வெளியே போனான். சவவண்டிக்கார போயெட் பந்தல் ஓரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடியக் கொஞ்சம் தூக்கறீங்களா?"

"பவுடர் கலையல பாஸ். காலைலதான் பார்த்தேன்."

"உள்ள வச்ச புத்தகத்த எடுக்கணும்."

போயெட் டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்திருக்கவில்லை. சீட்டாட்டம் நின்றது. தியா பாசிங் கூடத்திலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

"யாரு எடுக்கறது? எத எடுக்கறது? வச்சது நீதான? பெட்டிக்குள்ள போனத வெளிய எடுத்தா, எடுத்தவனத் தேடிட்டு அவ வருவா. தைவான் தண்ணி குடிச்சதுல இதுகூடவா மறந்துபோச்சு?"

"அது அவளோடது இல்ல தியா. எனக்கு அனுப்பறதுக்காகக் கட்டி வச்சிருந்தது."

"அப்ப வந்து சேர்ந்துடுச்சுன்னு வச்சுக்கோ."

சீட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி பக்கத்து வீட்டு நோங் தாசியோ சொன்னார். "ஃபெலிமோன் இல்ல? அண்ணன் பெட்டிலேர்ந்து கைக்கடிகாரத்த எடுத்தான். நாப்பதாம் நாளுக்கு முன்னாடி லாரில அடிபட்டான்."

"அவன் குடிச்சிருந்தான்" என்றார் எதிரில் இருந்தவர்.

"இருபது வருஷமாக் குடிச்சான். மத்த நாளெல்லாம் லாரி எங்க போச்சு? அத யோசி."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள்.

அம்மா சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். சத்தம் போடவில்லை. கையை நீட்டினாள். ரெனான்டே கடிதத்தைக் கொடுத்தான். அவள் நின்றபடியே, உதடு அசைய, கடைசி வரி வரைக்கும் படித்தாள். இரண்டு இடத்தில் ஈரம் பட்டு மை பரவியது.

"நல்ல மனுஷியாத்தான் தெரியுது" என்றாள். பிறகு, "உனக்கு அதுல என்ன பார்க்கணும்?"

"அக்கா என்ன எழுதினான்னு பார்க்கணும், நானாய்" என்று அம்மாவிடம் சொன்னான். " எனக்குன்னு எழுதியிருக்கா."

"நல்லதாத்தான் எழுதியிருப்பா. வேற என்ன எழுதுவா?"

அம்மாவின் தோளுக்குப் பின்னால், கூடத்துச் சுவரில், முகம் பார்க்கும் கண்ணாடி பின்பக்கம் தெரியத் திருப்பி மாட்டியிருந்தது. சாவு வீட்டில் கண்ணாடியை மறைப்பார்கள். வந்த அன்றே அவன் கண்ணில் பட்டதுதான். எதையாவது பேச வேண்டும் என்று, "கண்ணாடிய நாளைக்குத் திருப்பிடலாம்ல?" என்றான்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "அதுவா? அது சாவுக்குத் திருப்பினது இல்ல. ஏப்ரல்லேர்ந்து அப்படித்தான் கிடக்கு. அவளே திருப்பி மாட்டினா. எதுக்குடின்னு கேட்டேன், சொல்லல. நானும் விட்டுட்டேன்."

போயெட் எழுந்து டம்ளரைக் கழுவப் போனான்.

"எப்படியாவது ஒரு நிமிஷம், நானாய். நோட்டு மட்டும் போதும். புத்தகம் அங்கேயே இருக்கட்டும்."

அம்மா ஈரக்கையால் அவன் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்தாள்.

"அவளுக்கு அங்க தனியாத்தான இருக்கும்? உன்மேல உசிரா இருந்தவ. கூப்பிட்டா நீ போயிடுவ. எனக்கு மிச்சம் நீ ஒருத்தன்தான் டோங். அவளே வந்து எடுத்துக்கோன்னு சொன்னாலும் வேண்டாம்."

அவன் நின்றான். அவள் விடவில்லை. சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவன் எங்கே போனாலும் பின்னாலேயே வந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் கடைசி முறையாகக் கண்ணாடியைத் தூக்கினார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். ஜெபமாலையை அறுக்க வேண்டும். அறுக்காமல் விட்டால் மணிக்கு மணி கோத்த மாதிரி சாவு அடுத்த ஆளுக்குத் தொடரும். தியா பாசிங் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள், என்ன நினைத்தாளோ, அதை ரெனான்டேயிடம் நீட்டினாள்.

"நீ அறு. கூடப் பிறந்தவன்."

அவன் குனிந்தான். பவுடரும் மருந்தும் கலந்த வாசனை. கை உள்ளே போயிற்று. மணிகள் பச்சைத் துணியின் மேல் கிடந்தன. நூலைத் தூக்க அவன் இரண்டு விரலைக் கொடுத்தபோது சுண்டுவிரல் வெள்ளை நாடாவில் பட்டது. பூ முடிச்சு. சின்ன வயதில் அவன் ஷூவுக்கு அவள் போட்டுவிடுகிற அதே முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் முழுவதும் அவிழ்ந்துவிடும்.

பின்னால் சட்டை இறுகியது. அம்மா பிடித்திருந்தாள்.

கத்தரிக்கோல் மூடிய சத்தம் கேட்டது. ஒரு மணி தனியாக உருண்டு அவள் மணிக்கட்டுக்கு அடியில் போய் நின்றது. அவன் கையை வெளியே எடுத்தான். கையில் கத்தரிக்கோல் மட்டும் இருந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதால் விரல்களை விரித்தும் காட்டினான்.

போயெட் கண்ணாடியை இறக்கினான். அதன் மேல் மரமூடி. கொத்தனார் கல்லறை வாயை அடைத்துச் சிமெண்ட் பூசுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடக்கம் முடிந்து நேராக வீட்டுக்குப் போகக்கூடாது. செத்தவர் கூடவே வந்துவிடுவார். எல்லாரும் சந்தை முக்கில் இருந்த ரொட்டிக்கடையில் இறங்கினார்கள். தியா பாசிங் பன்னைப் பிய்த்துக் காப்பியில் தோய்த்துத் தின்றாள். நோங் தாசியோ கடைக்காரரிடம் சேவல்களைப் பற்றிப் பேசினார். அம்மா ரெனான்டேக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் சட்டையை விட்டிருந்தாள். பிடித்த இடம் கசங்கியிருந்தது.

அவன் பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்தான். மேசையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து எழுதினான்.

"இருப்பது: காலாபே. ஞாயிறு முதல் தைச்சுங், அறை 407. நான் ஜோனலினின் தம்பி. அவள் போன சனிக்கிழமை இறந்துவிட்டாள். புத்தகமும் நோட்டும் அவள் பெட்டிக்குள் இருக்கின்றன. வைத்தது நான். பிரித்துப் பார்க்காமல் வைத்துவிட்டேன். புத்தகத்துக்காக இனி யாரும் காத்திருக்க வேண்டாம்."

"என்ன எழுதற?" என்றாள் அம்மா.

"பேரு, வயசுதான்."

அவள் தன் பன்னில் பாதியைப் பிட்டு அவன் பக்கம் தள்ளினாள். அவன் அட்டையைத் திருப்பினான். பின்பக்கத்தில், இனி வாசிக்கப்போகிறவருக்குக் கோரிக்கை என்று அச்சடித்து, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. அவன் எழுதியது மூன்றாவது வரிக்கும் போனது.

"இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி. ஜோனலின் கதவைப் பற்றிக் கடைசியில் என்ன நினைத்தாள் என்று உங்களில் யாருக்காவது எழுதியிருந்தால், அந்த வரியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். திறக்கக்கூடாது என்று இருந்தாலும் அனுப்புங்கள்."