மூன்றாம் நாள்

தப்பு என்னுடையதுதான். நோட்டீஸில் அந்த வார்த்தையைப் போட்டது நான்.

அனல்மின் நிலையத்தில் பதினோரு மாத ஒப்பந்த வேலை எனக்கு. நிலக்கரிப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கிற யூனிட்டை ஓட்டுகிறேன். பிடித்ததைக் கொற்கைப் பக்கம் எங்கள் ஊருக்கு அடியில், வெகு ஆழத்தில் செலுத்தப்போகிறார்களாம். அதற்கு ஊர்க்காரர்களின் கையெழுத்து வேண்டும். "நீங்க உள்ளூர்தானே எபி, தமிழ்ல எழுதிக் குடுத்துருங்க. கையெழுத்து கிடைச்சா உங்க வேலை நிரந்தரம்" என்றார் மேலாளர். அப்பா ஏரலில் அச்சகம் வைத்திருந்தார். துக்க அறிவிப்புகளுக்குப் பிழை திருத்தியே வளர்ந்த கை இது. 'வாயு பூமிக்கடியில் அடக்கம் செய்யப்படும்' என்று எழுதிவிட்டது. ஊரெல்லாம் ஒட்டியும்விட்டார்கள். வெட்கக்கேடு!

கையெழுத்து வாங்கக் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் பீர் மைதீன் அண்ணாச்சி எழுந்தார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வாழைத்தோட்டம் அவருடையது. அவர் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம்.

"ஏலே எபி, நாங்க அடக்குனா உலகம் அழியுத கியாமத்து நாள் வரைக்கும் அசையாது. உங்க வேதத்துல மூணாம் நாளே எந்திரிச்சிருதாவ. இது எந்த அடக்கம்லே?"

கூட்டமே சிரித்தது. என் மனைவி கெசியாவும் சிரித்தாள். வாயுவைப் பிடிக்கிற யூனிட்டே மின்சாரத்தைத் தின்கிறது. நாலு லாரி கரி எரித்த இடத்தில் இப்போது ஐந்து எரிக்கிறோம். இது எனக்குத் தெரியும். கீழே போனது கீழேயே கிடக்குமா என்பது தெரியாது. ஐம்பது வருடம் கண்காணிப்போம் என்கிறார் மேலாளர். என் கையில் இருப்பதோ பதினோரு மாதத் தாள்.

"எந்திரிக்காது அண்ணாச்சி."

"கிணத்துக்கு?"

மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெசியாவுக்கு இது ஏழாம் மாதம். ஆப்பசைத்த குரங்காக நின்றேன்.

"ஒண்ணும் ஆவாது."

"நீ இங்கனதான இருப்ப?"

"இங்கனதான்."

"அப்பம் கையெழுத்து போடுதேன். நீயும் அந்தத் தண்ணியத்தான குடிக்க."

அவர் போட்டதும் வரிசையாக எல்லோரும் போட்டார்கள். ஒருத்தராவது மறுத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. கடைசியில் தாள் என்னிடம் வந்தது. 'சாட்சி' என்ற இடத்தில் போட்டேன்.

பீர் மைதீனின் மனைவி பாத்து அக்கா தங்கள் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தோடு வந்து எல்லோருக்கும் ஊற்றினார். மேலாளர் தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்தார்.

கெசியா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரை மறுபடி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா."