பூட்ஸைக் கழற்றாதே

சர்ச் வாசலில் கார் கதவு திறந்ததும் அம்மா செய்த முதல் வேலை, பனிச்சேற்றில் ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைக் கழற்றியதுதான்.

"என்னம்மா பண்றே?" ரெஜினா ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"பனி உருக ரோட்ல கொட்டின உப்பு ஒட்டியிருக்குடி. இந்த வண்டிக்குள்ள ஆகாது. அப்பா சொல்லுவாரே."

அப்பாவை முன்னால் சவ வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அதன் பின்னே நின்றது இந்த நீள வெள்ளைக் கார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கோமான் வண்டி போலத் தோற்றம். நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் ஸ்டெப்னி, என்ஜின் மூடியின் விலாவிலிருந்து வளைந்திறங்கும் பளபளப்பான புகைக்குழாய்கள். உள்ளே இருந்ததெல்லாம் போன வருடத்து என்ஜின். மில்வாக்கியின் தெற்கே ஒரு பழைய கொட்டகையில் கையாலேயே செய்தார்கள். அதன் உடம்பைச் செய்தவர் அப்பா, காசிமிர். கண்ணாடி இழையைப் பசையில் தோய்த்து அச்சில் படியவைத்து, காய்ந்தபின் தேய்க்க வேண்டும். தூள் பறக்கும். வாயில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. தேய்த்துத் தேய்த்து நெஞ்சு போனது. கடைசியில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சமையலறை நாற்காலியே கதியென்று கிடந்தார்.

செய்து முடித்த வண்டியில் வேலைக்காரன் உட்காரக் கூடாது. நகர்த்துகிறவன்கூட பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான். கொட்டகைச் சட்டம் அது. அப்பா ஒருநாளும் ஏறிப் போனதில்லை.

அம்மாவை ஏற்றிப்போக வண்டி கொண்டுவந்திருந்த முதலாளி ஹாலிஸ்டர் பின்சீட்டில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்க ஸ்டெல்லாம்மா. வண்டி வித்தாச்சு. திங்கக்கிழமை டெக்சாஸ் போகுது."

"வா போலாம். ஸ்டான் மாமா வண்டியில போய்க்கலாம்" என்றாள் ரெஜினா.

அப்பாவோடு வேலை பார்த்த ஸ்டான் பின்னால் நின்றிருந்தார். "என் வண்டியில நாய் முடிதான் இருக்கும். ஆனா பூட்ஸ் போட்டுக்கலாம்" என்றார்.

அம்மா அசையவில்லை. "ஒரு தடவையாவது இதுல கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சொன்னாருடி. நான் இதுலதான் போவேன்."

காலுறை நனைந்து கறுத்துப்போயிருந்தது. ரெஜினா சேற்றில் மண்டியிட்டாள். அந்த ஈரக் காலைப் பிடித்து பூட்ஸுக்குள் நுழைத்து ஜிப்பை மேலே இழுத்தாள். எழுந்து, சீட்டிலிருந்த துணியை உருவிச் சேற்றில் போட்டாள்.

"இப்ப ஏறு."

"தோல் சீட்ல கறை ஏறிடும்மா" என்றார் ஹாலிஸ்டர்.

"ஏறட்டும்."

சர்ச் படிக்கட்டு முழுக்க ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாலிஸ்டர் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தார்.

நாலு தெரு தாண்டியதும் அவருக்கு வாய் திரும்பிவந்தது. வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய கதை. "ரெண்டு பேரு பென்சில்ல வரைஞ்சு ஆரம்பிச்ச கம்பெனிம்மா இது. நியூயார்க் கண்காட்சியில வெச்சதும் சினிமாக்காரங்க வரிசையில நின்னாங்க. அப்புறம் பெட்ரோல் விலை ஏறிச்சு, கம்பெனி படுத்துடுச்சு. எல்லாரும் கைகழுவினப்ப நான்தான் வாங்கி நிமித்தினேன்."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ரெஜினா காத்திருந்தாள். வரைந்தவன் வந்தான், வாங்கியவன் வந்தான், விற்றவன் வந்தான். முன்னால் போகிற பெட்டிக்குள் இருந்தவர் வரவே இல்லை.

"எங்கப்பா எப்ப வருவாரு, உங்க கதையில?"

"அட, காசிமிர் மாதிரி நல்ல கைங்க எத்தனையோ பேரு..."

"அந்த கைங்கள்ல எத்தனை பேருக்கு இன்னும் மூச்சு வருது?"

அவர் வைப்பரைப் போட்டார். ரெஜினா தன் பூட்ஸ் குதிகாலை வெள்ளைக் கம்பளத்தில் ஊன்றித் திருகினாள். உப்பு நறநறத்தது. கல்லறைத் தோட்டம் வரும்வரை திருகிக்கொண்டே வந்தாள்.

இறங்கியதும் அம்மா குழிப்பக்கம் போகவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தப் பளபளக்கும் குழாயை முழுக் கையாலும் பிடித்தாள்.

"அம்மா, சுடும்!"

"சுடாதுடி. இதுல புகையே வராது. சும்மா அழகுக்கு வெச்சது. அப்பாதான் மாட்டுவாரு."

கையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ரெஜினா நின்று பார்த்தாள். அவ்வளவு தூரம் ஓடிவந்த வண்டியின் குழாய்மேல் பனித்தூள் விழுந்து, கரையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.