தளம் போட்ட நாள் வானம்

என் வேலை வானத்தைப் பார்ப்பது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நிலையத்து மாடியில் ஏறி, தாழ்ந்த மேகம், நடு மேகம், உயர மேகம் என்று தனித்தனியாகப் பார்த்து எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மழை வருமா என்று சொல்வது அங்கே இருப்பவர்களின் வேலை. இதை என் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க ஒன்பது வருடமாக முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன முறை அக்கா கட்டுகிற புது வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட இருந்தபோது, மேலே மெல்லிய கீற்று மேகங்களைப் பார்த்துவிட்டு, "மழை வரும், தள்ளிப் போடுங்க" என்று வாயை விட்டேன். கீற்று மேகம் வந்தாலே மழை என்றில்லை. அது சேர்ந்து ஒரே படலமாகி, கெட்டியாகிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். அன்று கலைந்து போய்விட்டது. வெயில் கொளுத்தியது. கான்கிரீட் கலக்கும் மிக்சர்காரர் வேறு வேலைக்குப் போனவர் இரண்டு மாதம் திரும்பவில்லை. அக்கா தான் குடியிருக்கும் ஒற்றை அறை வாடகை வீட்டிலேயே அந்த இரண்டு மாதத்தையும் ஓட்டினாள். அன்றிலிருந்து அத்தான் என்னை "வானிலையாரே" என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த முறை காலை ஆறு மணிக்கே அவரிடமிருந்து போன்.

"வானிலையாரே, ஆளுங்க வந்தாச்சு. தார்ப்பாய் வாடகைக்கு எடுக்கணுமா? மழை வருமா, வராதா?"

முந்தின நாள் சாயங்காலம் மேற்கிலிருந்து கொக்கி கொக்கியாகக் கீற்று மேகம் வந்துகொண்டிருந்தது. காலையிலோ தாழ்ந்த மேகம் வானம் முழுக்க மூடிக்கிடந்தது. அப்படி மறைத்திருந்தால் "உயர மேகம் இல்லை" என்று எழுதக் கூடாது. "பார்க்க முடியவில்லை" என்று எழுத வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. பதிவேட்டில் ஒழுங்காக அப்படித்தான் எழுதினேன். அத்தானிடம் மட்டும், "வராது அத்தான், தைரியமா போடுங்க" என்றேன். இன்னொரு முறை மூக்குடைபட எனக்குத் தெம்பில்லை.

ஒன்பது மணிக்குத் தாழ்ந்த மேகம் விலகியது. மேலே வெள்ளையாக ஒரு படலம். என் நிழல் தரையில் விழுகிற அளவுக்கு மெல்லியது. சூரியனைச் சுற்றிப் பெரிதாக ஒரு வளையம். மேற்கே போகப் போக அந்தப் படலம் கெட்டியாகிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பதிவை அனுப்பிவிட்டு அத்தானுக்குப் போன் அடித்தேன். மிக்சர் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? உடன் வேலை செய்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வாசல் பக்கத்து அறையின் மேல் கான்கிரீட் பாதிக்கு மேல் விழுந்திருந்தது. அக்கா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"அத்தான், நிறுத்துங்க! சாயங்காலத்துக்குள்ள மழை வந்துடும்!"

காதில் விழவில்லை. இரண்டாம் முறை கத்தியபோது மிக்சர் ஓய்ந்துவிட்டதால் தெரு முழுக்கக் கேட்டது.

"காலையில வராதுன்னு சொன்னது யாருங்க?" என்று மேஸ்திரி சிரித்தார்.

"நான்தான். காலையில எனக்கு எதுவும் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். இப்ப கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றேன்."

அத்தான் முகத்தில் ஈ ஆடவில்லை. "எவ்வளவு நிச்சயம்?"

"பத்துக்கு ஏழு."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ரெண்டு ரூமுக்கும் நடுச் சுவர் மேல கொண்டுபோய் நிறுத்தினா ஒண்ணும் ஆகாது. ஆனா அடுத்த ரூமுக்கு மறுபடி மிக்சர் எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. சிமென்ட் மூட்டைய மூட வச்ச மூணு தார்ப்பாய்தான் இருக்கு. அது ஒரு ரூமுக்குத்தான் சரியா இருக்கும்."

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். பேசியது அக்கா.

"சுவரோட நிறுத்திடுங்க. இன்னும் ரெண்டு மாசம் அந்த ரூம்லயே கிடந்துட்டுப் போறேன். போட்டது கரைஞ்சு ஓடுறத என்னால பார்க்க முடியாது."

பன்னிரண்டு மணிக்குச் சுவரை எட்டினார்கள். அதற்குள் மேலே படலம் கெட்டியாகி, யாருக்கும் நிழலே விழவில்லை. மூன்றரைக்கு மழை பிடித்தது. ஆர்ப்பாட்டமில்லாத, விடாத மழை. போட்ட பாதி தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தது. அடுத்த அறைமேல் வெறும் கம்பிகள் நனைந்தன. எதிர்வீட்டு ஓரத்தில் ஒதுங்கி நின்ற அத்தான் அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் நிலையத்துக்கே வந்தார். மூச்சு வாங்க மாடியேறி வந்து என் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்தார். அங்கே இரண்டு கீற்றுகள் இருந்தன. கலையவும் கலையலாம், சேரவும் சேரலாம்.

"நாளைக்கு மிக்சர் வருது. மழை வருமான்னு நான் கேக்கல," என்றார். "தார்ப்பாய் மூட்டைக்கு மட்டும் மூணு போதுமா, தளத்துக்கும் சேர்த்து ஆறு எடுக்கவா?"

"ஆறு எடுங்க."

வேறெதுவும் கேட்காமல் போனை எடுத்து, தார்ப்பாய்க்காரரிடம் "ஆறு" என்றார்.