போ என்றால் போ

என் மகள் கெண்ட்ரா படிக்க ஆசைப்பட்டது சொல்லாட்சியும் கட்டுரையாக்கமும். ஒருவர் சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது, அது கேட்பவரை எப்படி இணங்க வைக்கிறது என்று ஆராய்கிற படிப்பாம். கென்டக்கி மலைப்பக்கத்துப் பெண்களுக்கு இதற்கெல்லாம் பட்டம் எதற்கு? எங்களூரில் ஒருத்தி "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றால், தட்டை நிறைத்துக் கொண்டுவா என்று அர்த்தம்.

இரண்டு கல்லூரிகள் அவளைக் கூப்பிட்டன. ஒன்று மேற்கே வெகுதூரத்தில், அரிசோனாவில். அவள் தலைமாட்டில் வைத்துப் படிக்கிற புத்தகங்களை எழுதியவர்களே அங்கே பாடம் நடத்துகிறார்கள். மற்றது பக்கத்து ஊரில். அங்கே அந்தப் பாடத்துக்கு இருப்பதே இரண்டு பேர், அதிலும் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் அரிசோனாவுக்குப் போய்விட வேண்டும் என்று நான் தவித்தேன். அவளோ என்னைத் தனியே விட யோசித்தாள். மூத்தவன் டுவைன் இப்படித்தான், அம்மாவை விட்டுவிட்டு எங்கே போவது என்று இங்கேயே தங்கினான். அவன் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது, வலிமாத்திரைப் போதை வந்தது. இப்போது சர்ச்சுக்குப் பின்னால் கல்லறை மேட்டில் கிடக்கிறான். இந்த ஊருக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பேச்செடுத்தேன்.

"அரிசோனாவுக்கே போடி."

சோளரொட்டியைப் பிட்டபடி என்னைப் பார்த்தாள். "நிஜமாத்தான் சொல்றியா?"

"போன்னா போ. இதுல நிஜம் பொய் என்ன?"

"நீ தனியா என்ன பண்ணுவே?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருப்பேன். என்னைப் பத்திக் கவலைப்படாதே."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் அம்மா சாகும்வரை சொன்ன பேச்சு அது. ஒருநாளும் நன்றாக இருந்து சொன்னதில்லை.

"கெண்ட்ரா, நான் சுத்தி வளைச்சுப் பேசல. நீ இங்க இருக்காதே. உங்கண்ணன் கதி உனக்கு வேணாம்."

"சரிம்மா. அதுக்கு ஏன் குரல் நடுங்குது உனக்கு?"

அவ்வளவுதான். அதற்குமேல் நான் வாயைத் திறந்தால் இன்னும் கெடும் என்று பேசாமல் பீன்ஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பேசாமல் போனதற்கும் அவள் ஓர் அர்த்தம் வைத்திருப்பாள்.

பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கெண்ட்ரா வாசலுக்கே வந்து நின்றாள்.

"பதில் அனுப்பிட்டேன்மா. அரிசோனா வேணாம்னு எழுதிட்டேன். பக்கத்து ஊர்தான்."

"நான் போன்னுதானேடி சொன்னேன்."

"சொன்னே. நீ ஏன் அப்படிச் சொன்னேன்னும் எனக்குத் தெரியும்."

பையைக் கீழே போட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். டுவைனைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அவள் பின்னால் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தியா," என்றாள், "எவ்வளவு சந்தோஷம் உனக்கு."