ஏழாவது படி

ஆறு மணி நேரம் தொற்று வார்டில் நின்றுவிட்டு, கவச உடை கழற்றும் அறைக்குள் பெரியக்கா வந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது.

அந்த நாற்காலியில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். வியர்த்து, தலை சுற்றி, தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவளுக்குத் தன் கை எங்கே போகிறது என்று தெரியாது. பன்னிரண்டு படிகளையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, கை தப்பான இடத்துக்குப் போனால் 'நில்லு' என்று கத்தத்தான் அந்த ஆள். அந்த வேலையைப் பார்த்த ஊழியருக்குக் கண்ணாடி அண்ணன் என்றே பெயர் விழுந்துவிட்டது.

போன வாரம் இதே நாற்காலி காலியாகக் கிடந்த ஒரு நாளில்தான் அவள் தங்கை தனியாகக் கழற்றினாள், தொற்றும் ஒட்டிக்கொண்டது. இருவருமே அங்கே நர்ஸ். பெரியக்கா, சின்னக்கா என்றால் டாக்டர்களுக்கே தெரியும். சின்னக்கா இப்போது ஒன்பதாம் கட்டிலில், மூக்கில் ஆக்ஸிஜனோடு கிடக்கிறாள். விசாரணை அறிக்கையைப் பெரிய டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: கவனக்குறைவு. பயிற்சி எல்லாருக்கும் கொடுத்தாயிற்றாம். அரை மணி நேரம் சுவரில் படம் காட்டியதற்குப் பெயர் பயிற்சி! நினைக்கும்போதெல்லாம் பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முழங்கையால் இன்டர்காமை அமுக்கினாள். அலுவலகக் கிளார்க் எடுத்தார்.

"கண்ணாடி அண்ணன் எங்க?"

"ஹால்ல இருக்காருக்கா. ஊழியர் மனநலப் பயிற்சி நடக்குது. மேலிடத்துலருந்து பாக்க வந்திருக்காங்க. ஒரு நாற்காலிகூடக் காலியா இருக்கக் கூடாதுன்னு பெரிய டாக்டர் எல்லாரையும் அள்ளிட்டுப் போயிட்டாரு."

"அவர உடனே அனுப்பி வைங்க."

"இப்ப முடியாதுக்கா. அவர மேடையில ஏத்தி மூச்சுப் பயிற்சி பண்ண வைக்கிறாங்க."

இங்கே ஒருத்திக்கு மூச்சு முட்டுகிறது, அங்கே மேடையில் மூச்சுப் பயிற்சி! பெரியக்காவுக்கு வந்த கோபத்தில் கண்ணைச் சுற்றி மாட்டியிருந்த கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது.

"அஞ்சு நிமிஷம் பாப்பேன். யாரும் வரலன்னா இந்த உடையோடவே ஹாலுக்கு வந்து முதல் வரிசையில உக்காந்துருவேன். போய்ச் சொல்லுங்க."

போக மாட்டாள். செத்தாலும் அந்தக் கதவை அப்படித் திறக்க மாட்டாள். ஆனால் அது கிளார்க்குக்குத் தெரியாதே.

நான்காவது நிமிடம் பெரிய டாக்டரே ஓடி வந்தார். சட்டையில் சிரிக்கும் முகம் போட்ட வில்லை குத்தியிருந்தது.

"என்னம்மா இது, விருந்தாளிங்க முன்னால மானத்த வாங்குறே?"

"உக்காருங்க சார். படிப்படியா சொல்லுங்க, கழட்டுறேன்."

"படியெல்லாம் எங்க எழுதியிருக்கு?"

"உங்க படத்துக்குப் பின்னால."

அவள் சொன்னது நிஜம்தான். 'உங்கள் நலமே எங்கள் கவலை' என்று அவர் பல் தெரியச் சிரிக்கும் சுவரொட்டியை, படிகள் எழுதிய தாளின் மேலேயே காலையில் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தன் முகத்தைத் தானே கிழிக்க வேண்டியதாயிற்று அவருக்கு.

அவர் வாசிக்க வாசிக்க அவள் செய்தாள். ஆறு படி தாண்டியது. உடை கழன்று கீழே கிடந்தது. மாஸ்க்கும் உள் கையுறையும் மட்டும்தான் பாக்கி. அங்கே அவர் நின்றுவிட்டார்.

"ஏழாவது, பசையோட கிழிஞ்சு வந்துடுச்சு. அடுத்து என்னம்மா?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெரியக்கா சொல்வாள். சொல்லவில்லை.

"என் தங்கச்சியும் இதே எடத்துலதான் கேட்டிருப்பா சார். அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இல்ல. கையச் சுத்தம் பண்ணாம மாஸ்க்கத் தொட்டுட்டா. நீங்க கவனக்குறைவுன்னு எழுதிட்டீங்க. எல்லாருக்கும் பயிற்சி குடுத்த உங்களுக்கே ஏழாவது தெரியல."

"சரி, சரி. முதல்ல வெளிய வா. அத மாத்திடலாம்."

"இப்பவே எழுதுங்க. அதுவரைக்கும் இப்படியே நிக்கறேன். நின்னு நின்னு எங்களுக்குப் பழகிப்போச்சு."

ஹாலிலிருந்து கைதட்டல் கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். பேனாவை எடுத்து, கிழிந்த தன் படத்தில் வெள்ளையாக இருந்த ஓரத்தில் எழுதினார்: 'உடை கழற்றும்போது கண்காணிக்க வேண்டிய ஆள் இடத்தில் இல்லை. தவறு நிர்வாகத்துடையது.' கையெழுத்தும் தேதியும் போட்டு, கண்ணாடியில் வைத்துக் காட்டினார்.

பெரியக்கா அதை இரண்டு முறை படித்தாள். இரண்டு கைகளும் உடம்பில் படாமல் அப்படியே விலகி நின்றன.

"இப்ப ஏழாவது சொல்லுங்க."

"கைய... சுத்தம் பண்ணு," என்று முனகினார்.

"சத்தமா சொல்லுங்க சார். ஒன்பதாம் கட்டில் வரைக்கும் கேக்கணும்."