டிஸ்க் ஒரு வீட்டில், கார்டு ஒரு வீட்டில்

அச்சகக்காரரும் அவருடைய மச்சானும் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவல் எழுதினார்கள். மச்சான் பத்திரிகையில் பிழை திருத்துபவர். பதினோராவது அத்தியாயத்தில், கொலைகாரன் டாக்டரா சமையல்காரனா என்று தகராறு முற்றிப் பேச்சே நின்றுபோனது. பொதுவில் வாங்கிய கம்ப்யூட்டரைப் பிரித்தார்கள். செங்கல் கனமிருந்த ஹார்டு டிஸ்க்கை அச்சகக்காரர் எடுத்துக்கொண்டார். "அப்ப நான் வெறுங்கையோட போறதா?" என்று மச்சான், டிஸ்க்கை இயக்கும் கண்ட்ரோலர் கார்டைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

முப்பது வருஷம் போயிற்று. ஓய்வில் போரடித்த அச்சகக்காரருக்கு நாவலை வெளியிடும் ஆசை பிடித்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மெக்கானிக்கிடம் டிஸ்க்கைத் தூக்கிப் போனார். மெக்கானிக் தன்னிடமிருந்த மூன்று பழைய கார்டுகளையும் மாற்றி மாற்றிச் செருகினார். டிஸ்க் மாவு மில் போல இரைந்ததே தவிர, ஓர் எழுத்துகூட வரவில்லை.

"டிஸ்க் போச்சா?"

"போகலைங்க. அந்தக் காலத்து டிஸ்க்கு இப்படித்தான். எந்தக் கார்டுல ஃபார்மட் பண்ணாங்களோ அதுக்குத்தான் இதோட எழுத்து புரியும். அந்தக் கார்டையே கொண்டாங்க."

அச்சகக்காரர் முகம் தொங்கிப்போனது. வீட்டில் மனைவியிடம் குழைந்தார். "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"முப்பது வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் தந்தியாபீஸ் நடத்திட்டேன். நீங்களே போங்க."

போனார். மச்சான் கதவைத் திறந்தார்.

"மச்சான், அந்தக் கார்டு..."

"இருக்கு மாப்ள. தரமாட்டேன். நானே கொண்டு வர்றேன்."

பழைய பனியனில் சுற்றியிருந்த கார்டை மச்சான் குழந்தை போல ஏந்தி வந்தார். மெக்கானிக் அதைச் செருகியதும் நாவல் திரையில் வந்து நின்றது. முதல் வரி: 'அமாவாசை நிலவொளியில் கத்தி பளபளத்தது.'

மெக்கானிக் இருமினார்.

"இது உங்க வரி, மச்சான்."

"நான் பிழை திருத்துறவன்யா!"

"அப்ப இதை ஏன் திருத்தலை?"

மெக்கானிக் கீழே தள்ளிப் படித்துக்கொண்டே போனார். "சார், ரெண்டாவது அத்தியாயத்துல செத்தவர், நாலாவதுல உக்காந்து டீ குடிக்கிறாரே?"

இருவரும் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார்கள். முதலில் அச்சகக்காரருக்குத்தான் சிரிப்பு வந்தது. மச்சான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாவல் வெளிவரவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் இருவரும் அந்தக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் சத்தமாகப் படிக்கிறார்கள். பிரிண்டர் ரிப்பேருக்கு வருகிறவர்கள், வேலை முடிந்த பிறகும் கிளம்புவதில்லை.