மேல்துணியும் லைனிங்கும்

கார்மெண்ட் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுவது அவள் வேலை. வாய் ஓயாமல் பேசுவதால் மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். கத்தரிக்கோல் உரசினால் போதும், விரலில் கொப்புளம் எழும்பி உடையும். துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாதி விரல்களில் நகம் கிடையாது. நெயில் பாலிஷ் செலவு மிச்சம் என்பாள்.

ஒருநாள் கொப்புளம் உடைந்து ஒரு வெள்ளைக் காலரில் ரத்தக்கறை பட்டுவிட்டது. சூப்பர்வைசர் அவள் கையைப் பார்த்துப் பின்வாங்கினார். தொற்றுநோய் இல்லையென்று டாக்டர் சொன்னால் ஒழிய உள்ளே வரக்கூடாது என்றார்.

அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் வீட்டில் இருந்தது. தவழத் தொடங்கிய மகளின் முழங்காலிலும் அதே கொப்புளம். தன் கை பட்டுத்தான் வந்ததோ என்று பிள்ளையைத் தூக்கவே தயங்கினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா அவள் வேலையை விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"மேல்தோல் மேல்துணி மாதிரி. அடித்தோல் உள்ளே வச்சுத் தைக்கிற லைனிங். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நூலு கொலாஜன்ங்கிற புரதம். அதைச் செய்யச் சொல்ற ஜீன்ல ஒரு பிழை. நூல் வலுவில்லாம இருக்கிறதால, உரசினா மேல்தோல் பிரிஞ்சுடுது. உங்கப்பாவுக்கும் இருந்துச்சுன்னீங்களே, அவர்கிட்டேருந்து உங்களுக்கு, உங்ககிட்டேருந்து பாப்பாவுக்கு. தொட்டா யாருக்கும் வராது."

"பிரிச்சுத் தைக்க முடியாதுங்களா?"

"முழுசாச் சரி பண்ண இப்ப வழியில்லம்மா. உரசாமப் பார்த்துக்கணும்."

"தூக்கலாம்ல?"

"தாராளமா. கக்கத்துல பிடிக்காம, அடியில கை குடுத்து அள்ளித் தூக்குங்க."

அள்ளித் தூக்கினாள். இறக்கவே இல்லை. வெளியே காத்திருந்த, வேன் ஓட்டும் கணவன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எங்கப்பா ஒண்ணும் வச்சுட்டுப் போகல. உங்கப்பா சொத்தாவது பிள்ளைக்கு வந்துச்சே." சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

டாக்டர் எழுதித் தந்ததைச் சூப்பர்வைசர் படித்தார். சந்தோஷம் என்றார். பெண்கள் அவளைக் கட்டிக்கொள்ள ஓடிவந்து, உரசக்கூடாதென்று நினைவு வந்து, காற்றிலேயே கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தன் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கத்தரிக்கோல் பிடியில் மெத்தென்று சுற்றிக் கொடுத்தாள்.

ஆனால் அவள் இடம் மாறியிருந்தது. ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். ஆர்டர் கொடுப்பவர்கள் வருகிறார்கள், பார்த்தால் நன்றாயிருக்காது என்றார் சூப்பர்வைசர். அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். வெளியிலிருந்து யாரோ ரேடியோ கேட்கவில்லையே என்று கத்த, அவள் சத்தமாகப் பாடத் தொடங்கினாள். பாட வேண்டாம் என்று கதவு தட்டப்பட்டது.

கதவிடுக்கு வழியாகக் கூடம் தெரிந்தது. கோட்டுப் போட்ட ஒருவர், சற்று முன் அவள் நூல் வெட்டி அனுப்பிய சட்டையை எடுத்துக் காலரை விரலால் தடவிப் பார்த்து, திருப்தியாகத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.